கொலைக் கதையும் பாட்டும்

ஊரார் அனைவரும் அறிந்த பாட்டொன்றைக் கொலைக் கதையின் நடுவே வைப்பது எளிது. அதனை யார்பொருட்டு வைக்கின்றோம் என்று தெளிந்து வைப்பதே அரிது. தொலைக்காட்சியில் வரும் குற்றக் கதைகளை நம் மாணவர் பெரிதும் விரும்பிக் காண்கின்றனர். கதை மறந்த பின்னும் அவர்தம் நாவில் நிற்பது பெரும்பாலும் ஒரு பாட்டேயாம். ஆதலின் அப்பாட்டு செய்யும் தொழில் யாதெனச் சிறிது ஆராய்தல் தகும்.

இவ்வாராய்ச்சிக்கு நம் தென்காசிச் சீமை மிகவும் ஏற்றது. குற்றாலச் சாரலைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி இம்மண்ணிற்குரியது. 2019-இல் தனி மாவட்டமாகிய தென்காசியின் எல்லைக்குள்ளேயே, காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரைத் தந்த சென்னிகுளமும் உளது. சிந்து என்னும் அவ்வினிய வடிவத்திலே கொலைச் சிந்து என்னும் சிறு நூல்களும் தமிழகத்தில் எழுந்தன. எங்கோ நிகழ்ந்த கொலையொன்றை, மக்கள் முன்பே அறிந்த மெட்டில் அமைத்து, சந்தையிலும் இரயிலிலும் பாடி விற்றனர். தெரிந்த பாட்டின் இனிமையைக்கொண்டு தெரியாதார் துயரை நெஞ்சில் ஏற்றும் உபாயம், தொலைக்காட்சி தோன்றுமுன்னரே நம்மவர் கைக்கொண்டதாகும்.

வில்லுப்பாட்டிலோ இவ்வுபாயம் அறமாகவே உயர்ந்தது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை நோக்குக. அந்தணனாய்ப் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணந்து, மாமனுடைய மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது மடிந்தான். பொதிகை மலைக்கண் உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலிலே பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு, அன்பர்கள் இன்றும் செருப்பைக் காணிக்கையாக இடுகின்றனர். உடுக்கும் குடமும் முழங்க வில்லடித்துப் பாடும் அப்பாட்டு மாண்டவனுக்கே உரியது. மாய்த்தவருக்கு அங்கே கோயிலுமில்லை, கொடையுமில்லை.

திருமறையிலும் இதனையே காண்கின்றோம். யோவாப் என்பான் எப்ரோன் ஊர் வாயிலிலே அப்னேரை வஞ்சித்துக் கொன்றபொழுது, தாவீது அரசன் பாடையின் பின்னே நடந்து சென்று, கல்லறையருகே அழுது, புலம்பற் பாட்டுப் பாடினான். யோவாபோ அவனுடைய சேனைத் தலைவன், வலிமை மிக்கவன். எனினும் பாட்டு அவனுக்குக் கிடைத்திலது. கொலையுண்ட அப்னேருக்கே கிடைத்தது.

இனி மேனாட்டுத் தொலைக்காட்சியை நோக்குவோம். 1986-இல் டென்னிஸ் பாட்டர் எழுத, பி.பி.சி. ஒளிபரப்பிய 'தி சிங்கிங் டிடெக்டிவ்' என்னும் தொடரிலே, தோல்நோயால் மருத்துவமனையிற் கிடக்கும் துப்பறியும் கதையாசிரியன் ஒருவனுடைய உள்ளத்தில் பழைய ஜனரஞ்சகப் பாட்டுகள் எழுகின்றன. அவை அவன் இளமையில் இழந்த தாயின் நினைவையும், மறைத்துவைத்த குற்ற உணர்வையும் வெளிக்கொணர்கின்றன. 2002 முதல் 2008 வரை வந்த 'தி வயர்' என்னும் தொடரோ, டாம் வெய்ட்ஸ் இயற்றிய ஒரே பாட்டை ஐந்து பருவங்களிலும் ஐந்து வேறு குரல்களிற் பாடுவித்தது. நான்காம் பருவம் பள்ளிச் சிறுவரைப் பற்றியது. அதற்கேற்ப அந்நகரத்து இளைஞர் குழுவொன்றின் குரலே அங்கு ஒலித்தது. கெட்டழியும் ஒரு நகரமே தன் குறையைத் தானே பாடுவதுபோல் அஃது அமைந்தது. இவ்விரண்டும் பாட்டின் நற்பயன் என்பேன்.

மற்றொரு வகையும் உண்டு. 2013-இல் முடிவெய்திய 'பிரேக்கிங் பேட்' தொடரின் இறுதியில், போதைப்பொருள் காய்ச்சிப் பலர் சாவுக்குக் காரணமான நாயகன், தன் கருவிகளுக்கு நடுவே உயிர் விடுகின்றான். அப்பொழுது 'பேபி புளூ' என்னும் பழைய காதற் பாட்டு ஒலிக்கின்றது. கலைத்திறம் மறுக்கவொண்ணாதது. ஆயின் அவனால் மாண்டவர்கள் அக்கணத்தில் நம் நினைவினின்றும் அகல்கின்றனர்; கண்ணீரையும் பாட்டையும் அவனே கொண்டு போகின்றான்.

"இனிய பாட்டுக்கும் கொடிய செயலுக்கும் உள்ள முரணே அச்சத்தை மிகுவிக்கும், அன்றியும் கொள்ளையரைப் புகழ்ந்த நாட்டுப் பாடல்களும் நம்மிடம் உளவே" எனச் சிலர் கூறுவர். இரண்டும் உண்மையே. ஆயினும் முரண் ஒருமுறை நடுக்கும். பலமுறை கேட்பின் பழகிவிடும். பழகியபின் கொலை வெறும் தாளமாகிவிடும்.

இது திரையோடு நிற்பதாயின் கவலையில்லை. அரிவாளைக் கையில் ஏந்தி, திரைப்பாட்டொன்றைப் பின்னே ஒலிக்கவிட்டு, தம் படத்தைக் கைப்பேசி வழியே பரப்பிய இளைஞர்கள் மீது காவலர் வழக்குத் தொடுத்த செய்திகள் நம் தென் மாவட்டங்களில் வந்துள்ளன. வெட்டுண்டவன் வீட்டுத் தாய்க்கும் அப்பாட்டு கேட்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

தமிழிலும் குற்றத் தொடர்கள் பெருகுகின்றன. 2022-இல் வந்த 'சுழல்', மயானக் கொள்ளைத் திருவிழாவின் ஊடே காணாமற்போன பெண்ணைத் தேடிச் சென்றது. நம் மண்ணின் வழக்கங்கள் இத்தகைய கதைகளுக்கு இடந்தரும் என்பதற்கு அஃதொரு சான்று. நாளை இத்தகைய தொடர்களை எழுதவும் இயக்கவும் போகும் இளைஞர் சிலர் இன்று நம் வகுப்பறைகளில் இருத்தல் கூடும். அவர்கட்கு யான் கூறுவது இதுவே: பாட்டைத் தேர்ந்தபின் அதனை ஒருமுறை கண்மூடிக் கேளுங்கள். மனக்கண்முன் முதலில் வருவது கொன்றவன் முகமாயின் அப்பாட்டை நீக்கிவிடுங்கள். மாண்டவர் முகமாயின் தயங்காது வையுங்கள்.