குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டாம்

போன மார்கழியில் என் மனைவி குளித்துவிட்டு வரும்போதெல்லாம் தலைவலி, கிறக்கம் என்றாள். பிரஷர் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் உள்ளேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளிக்காற்றில் கிடத்திய பிறகே தெளிந்தாள். “வீட்டில் கேஸ் கீசரா?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அதற்கென்றே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். இதற்கு வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நம் தூத்துக்குடி உப்புக்காற்றில் பர்னர் சீக்கிரம் துருப்பிடிக்கும். துளைகள் அடைத்தால் நீலத் தீ மஞ்சளாகும், கரி படியும். உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்பார்கள். பனிக்குப் பயந்து அதை முதலில் அடைப்பவர்களே நம் வயதுக்காரர்கள்தான். அதனால் கீசர் வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். எங்கள் வீட்டில் மாற்றிவிட்டோம். பிளம்பருக்கு ஒருநாள் கூலியும் கொஞ்சம் குழாயும்தான் செலவு. இடமில்லாத வீட்டில், பழையபடி அடுப்பில் ஒரு பானை வெந்நீர் போதும்.