கறுப்புக் கட்டம் வந்த கதை



பொங்கல் விழாப் படத்தைத் திரையிட்டபொழுது, மூத்த பாட்டியார் ஒருவர் கோலமிடும் காட்சியில் ஒரு கறுப்புக் கட்டம் குறுக்கே வந்து நின்றதைக் கண்டிருப்பீர்கள். “தம்பி, என் கையைக் காணோமே, கோலம் தானாகவே விழுந்ததா?” என்று பாட்டியார் கேட்டார். கைநடுக்கத்தால் அடுத்த ஆண்டு கோலமிடுவது ஐயமே என்றும் சொன்னார். குற்றம் முழுதும் அடியேனுடையது.

அவர் பெயர் அசைந்து வரும் எழுத்துப்படத்தைப் பிளெண்டர் என்னும் மென்பொருளில் ஆக்கினேன். காட்சியின்மேல் அதை வைத்தால், எழுத்தைச் சூழ்ந்த இடம் கண்ணாடிபோல் இருத்தல் வேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள். அப்புள்ளி தன் பின்னுள்ளதை எவ்வளவு மறைக்கும் என்பது நான்காம் அளவு; அதன் பெயர் ஆல்பா. 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவர் நியூயார்க்கில் இதனை வகுத்தனர்.

நான் செய்த பிழை, வழக்கம்போல் எச்.264 முறையில் எம்.பி.4 கோப்பாக எடுத்ததே. நாம் அன்றாடம் கையாளும் அவ்வகைக் கோப்பில் ஆல்பாவுக்கு இடமில்லை. பெட்டி இணைக்காத வண்டிக்குக் காத்திருந்த பார்சல்போல் அது நடைமேடையிலேயே தங்கிவிட்டது. வெற்றிடம் கறுப்பாகப் போய்ச் சேர்ந்தது.

இப்பொழுது செய்யும் முறை வேறு. பிளெண்டரில் ‘ஃபிலிம்’ பகுதியில் ‘டிரான்ஸ்பரன்ட்’ என்பதைக் குறியிட்டு, வெளியீட்டைப் பி.என்.ஜி. என்றும் வண்ணத்தை ஆர்.ஜி.பி.ஏ. என்றும் வைக்கிறேன். வினாடிக்கு 25 வீதம், 10 வினாடிக்கு 250 தனிப் படங்கள் எண்வரிசையில் வந்து விழும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். நம் குடியிருப்பில் இது சிறிய வசதியன்று. கேடென்லைவ் மென்பொருளில் அவற்றைப் படவரிசையாகச் சேர்த்து, விழாக் காட்சிக்கு மேலுள்ள தடத்தில் இடவேண்டும். ஒரே கோப்பாக வேண்டுவோர் புரோரெஸ் 4444 வகையை நாடலாம். புரோரெஸ் 422 உதவாது; ஆல்பாவைச் சுமப்பது அந்த நான்காவது 4 தான்.

எழுத்தின் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் அஞ்சற்க. வண்ணம் முன்னரே ஆல்பாவால் பெருக்கப்பட்டிருக்க, தொகுப்பு மென்பொருள் அதை அறியாமல் நேர்வகையாகக் கொண்டுவிட்டது. அவ்வமைப்பு உள்ள மென்பொருளில் ‘பிரீமல்டிப்ளைட்’ என்று மாற்றினால் கோடு மறையும்.

விழாவின் மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். திருத்திய படம் வரும் ஞாயிறு மாலை சங்கக் கூடத்தில் காட்டப்பெறும். பாட்டியாருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம்.