பாட்டு யாருடையது?

போன வாரம் பாகூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் 'படகோட்டி' படப் பாட்டு. பக்கத்திலிருந்த என் வயதுக்காரர், "தலைவர் என்னமா எழுதியிருக்கார் பாருங்க சார்" என்றார்.

"எழுதினது வாலிங்க" என்றேன்.

"அட, தலைவர் பாட்டுன்னா தலைவர் பாட்டுதான்" என்று டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. தலைவர் வாயசைக்காமல், டி.எம்.எஸ். பாடாமல் அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எழுதியவனை மறந்துவிடுவதா?

ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்தான் வாலி. முதல் பாட்டு 1958-இல், 'அழகர்மலைக் கள்வன்' படத்துக்கு. 1963-இல் 'கற்பகம்' வரும்வரை திண்டாட்டம்தான். மறு வருஷம் 'படகோட்டி'. அதன்பின் 2013 ஜூலையில் கண்மூடும் வரை ஓயாத பேனா. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் எல்லாருக்கும் எழுதினார். விஸ்வநாதன் மெட்டுக்கும் எழுதினார், இளையராஜா மெட்டுக்கும் எழுதினார். 1994-இல் 'காதலன்' படத்துக்கு ரகுமான் மெட்டில் துள்ளலாக எழுதியபோது 60 வயதைத் தாண்டியிருந்தார்.

"யார் கேட்டாலும் எழுதிக் கொடுத்த கூலிக்காரர்" என்று சிலர் இளப்பமாகப் பேசுவார்கள். அடுத்தவர் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி எழுதுவது லேசான வேலையா? முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸில் டிராஃப்ட் எழுதினவன் நான். இரண்டு நாள் உட்கார்ந்து நான் எழுதியதை ஒரு கூட்டத்தில் மேலதிகாரி வாசித்தார். நல்ல கைதட்டல். கடைசி வரிசையில் நின்று நானும் தட்டினேன். சம்பளம் வாங்கியாயிற்று, சரி. ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பள்ளியில் எங்களுக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில். அந்த ஊர் இசைத்தட்டில் 'பரோல்' என்று போட்டு எழுதியவர் பெயர் இருக்கும். அது சும்மா வந்த மரியாதை இல்லை. 1847-இல் எர்னெஸ்ட் பூர்ஷே என்ற பாட்டெழுத்தாளர் பாரிஸ் காபிக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். காசு கொடுக்காமல் அவர் பாட்டை அங்கே பாடினார்கள். "அப்படியானால் நானும் குடித்ததற்குக் காசு தர மாட்டேன்" என்று நின்றார். வழக்கு நடந்தது, ஜெயித்தார். 1851-இல் பாட்டெழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் சங்கமே வந்துவிட்டது.

நம் நாட்டில் 1977-இல் உச்ச நீதிமன்றம் படப்பாட்டு தயாரிப்பாளருக்கே என்றது. எழுதியவரின் ராயல்டி பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் திருந்தியது 2012-இல்தான். அப்போது வாலிக்கு வயது 80.

காசைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். பெயர் நம் வாயில் இருக்கிறது. இலங்கை வானொலியில் பாடியவர், இசையமைத்தவரோடு எழுதியவர் பெயரையும் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? நாமே மறந்தால் பேரப்பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால் டீக்காசு என்னுடையது. "வாலி பாட்டு" என்று ஒரே ஒரு தடவை சொல்லட்டும், போதும்.