திருமயம் பீரங்கியும் தஞ்சாவூர் சுகோயும்

திருமயம் கோட்டை உச்சிக்கு ஏறுகிறவர்கள் அங்கிருக்கும் பீரங்கியோடு ஒரு செல்ஃபி எடுக்காமல் இறங்குவதில்லை. நானும் எடுத்தேன். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை. எதிரி தன் எல்லைக்குள் வரும்வரை அந்தப் பீரங்கி காத்திருக்கத்தான் வேண்டும்.

அங்கிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கிறது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். அங்கே இருப்பது எதிரியைத் தேடிப்போகும் பீரங்கி!

2020 ஜனவரி 20-ம் தேதி, ‘டைகர் ஷார்க்ஸ்’ என்ற 222-வது ஸ்குவாட்ரன் அங்கே நிலைகொண்டது. தென்னிந்தியாவின் முதல் சுகோய்-30 எம்.கே.ஐ படைப்பிரிவு இதுதான். ரெட்டை இன்ஜின், ரெட்டை சீட். இன்ஜின் புகைபோக்கி வாயையே திருப்ப முடியும் என்பதால், வானத்தில் சட்டென்று வளையும், குட்டிக்கரணம்கூடப் போடும். மற்ற போர் விமானங்களோடு வானில் மோதுவதற்காகவும் வடிவமைத்தது. அதன் வயிற்றில் பிரம்மோஸ் ஏவுகணையை மாட்டியபோது, கப்பலை அடிக்கும் அதன் திறன் இன்னும் கூடியது.

மாட்டுவது லேசான வேலையில்லை. தரையிலிருந்து ஏவும் பிரம்மோஸின் எடை 3 டன். விமானத்துக்காக அதை இளைக்கவைத்து 2.5 டன்னாக்கினார்கள். இரண்டு கார்களைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி! அந்தப் பாரத்தைத் தாங்க, நாசிக்கில் ஹெச்.ஏ.எல் நிறுவனம் விமானத்தின் உடலை வலுப்படுத்தியது. ஆயுதம் மாட்ட 12 இடங்கள் இருந்தும், இந்த ஏவுகணை ஒன்றுதான். 2017 நவம்பர் 22-ல் வங்காள விரிகுடாவுக்கு மேலே முதல் சோதனை நடந்தது. ஏவுகணை விமானத்திலிருந்து கழன்று விழுந்தது, பூஸ்டர் பற்றிக்கொண்டது, பிறகு ராம்ஜெட் இன்ஜின் பொறுப்பெடுத்துக்கொண்டது. ராம்ஜெட்டுக்குள் சுழலும் விசிறியே கிடையாது. பாயும் வேகத்தில் உள்ளே வரும் காற்று தானாகவே அமுங்கிவிடுகிறது.

வேகம், ஒலியைப்போல 2.8 மடங்கு. தஞ்சாவூர் தளத்திலிருந்து திருமயம் கோட்டை வரையிலான தூரத்தைக் கடக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கோட்டைப் படியில் நான் பத்துப் படி ஏறி மூச்சு வாங்கி நின்ற நேரம்கூட அதைவிட அதிகம்.

விமானம் எங்கள் பக்கம்தானே என்று பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், அது காவல் காக்கும் கடலில் போர்க்கப்பல்கள் மட்டுமா போகின்றன? சரக்குக் கப்பல்கள் போகின்றன, ஆழ்கடல் மீன்பிடிப் படகுகள் போகின்றன. கோட்டைப் பீரங்கிக்காரருக்கு எதிரி கண்ணெதிரே தெரிந்தான். சுகோயில் இருப்பவர்களுக்குச் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கப்பல், திரையில் ஒரு புள்ளி. ஏவிவிட்டால் அப்புறம் பிரம்மோஸ் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். அது எந்தக் கப்பல் என்று சரிபார்ப்பதெல்லாம் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிய வேண்டும். முன் சீட்டுக்காரர் விமானத்தை ஓட்ட, ஆயுதங்களைக் கவனிக்கவே பின் சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்.