ரத்தம் கேட்கிறவர்களுக்கு

காசநோய் சளியில் மட்டும் இருப்பதில்லை. கழுத்தில் நெறிகட்டியாய் நிற்கும். கண்டமாலை என்பார்கள் நம் கிழவிகள். முதுகெலும்பை அரிக்கும். குடலில், கர்ப்பப்பையில், மூளையைச் சுற்றிய சவ்வில் உட்காரும். இந்தியாவில் பதிவாகும் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியேதான். ஆனால் நம்ம தெருவுக்கு வந்து சேர்ந்தது என்ன? சளி டப்பா. 'இருமல் இல்லியா, அப்ப டி.பி. இல்ல, போ.'

கட்டியில் ஊசி குத்தி நீரெடுக்கணும், சதைத் துணுக்கு வெட்டிப் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும். புதுக்கோட்டையின் கல்குவாரியிலும் வயலிலும் கூலிக்கு நிற்கிறவர்களுக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் சோறு. அதற்கும் முன்னால் யாராவது கழுத்தைத் தொட்டுப் பார்க்கணுமே! தொடாமலே சீட்டு எழுதும் வைத்தியத்தில் தீண்டாமை இல்லை என்று யார் சொல்வது?

இந்த இடைவெளியில்தான் வியாபாரி புகுந்தான். ஒரு சொட்டு ரத்தம் போதும், டி.பி. இருக்கா இல்லையா சொல்லிடுவோம் என்று தனியார் லேப்புகள் ஆண்டிபாடி சோதனையை விற்றன. கிருமியை உடம்பில் சுமந்தும் நோயில்லாமல் வாழ்கிறவர்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆண்டிபாடி நோய்க்குச் சாட்சியாகாது. நோயில்லாதவன் மாதக்கணக்கில் மாத்திரை தின்றான், நோயுள்ளவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றது; 2012 ஜூனில் இந்திய அரசு தடை போட்டது. அதற்குள் போன பணம்? போன உயிர்?

இப்போது வேறு தேடல் நடக்கிறது. சென்னை சேத்துப்பட்டின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெறிகட்டிக் காசநோயாளிகளின் ரத்தத்திலுள்ள நோயெதிர்ப்புப் புரதங்களை அளந்து, கிருமி தூங்குகிறவரையும் நோயில் விழுந்தவரையும் பிரித்தறிய முடியுமா என்று பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்லி இன்னொரு கடை திறக்க விடக்கூடாது.

1956இல் அதே நிறுவனம் தொடங்கியபோது, சானடோரியம் வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து தின்று குணமாகலாம் என்று உலகுக்கு நிரூபித்துக் கொடுத்தது சென்னை ஏழைகளின் உடம்பு. உடம்பு நம்முடையது, பெயர் விஞ்ஞானத்துக்கு. பலனாவது நம் தெருவுக்கு வரவேண்டாமா?

நம் ரத்தத்துக்கு இந்த அரசிடம் வேறொரு உபயோகமும் உண்டு. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகே விஷயம் தெரிந்தது. டி.என்.ஏ. சோதனை என்று பாதிக்கப்பட்டவர்களிடமே ரத்தம் கேட்டது போலீஸ். மறுத்தவர்களுக்குக் கோர்ட் உத்தரவு. 2025 ஜனவரியில் குற்றம் சாட்டப்பட்டதும் வேங்கைவயல்காரர் மூவரே. நம்மைச் சந்தேகிக்க ரத்தம் எடுக்க ஓடிவருகிற அரசு, நம்மைப் பிழைக்க வைக்க எடுக்க மட்டும் ஏன் தயங்குது?

தோழர்களே, நாம் கேட்பது பிச்சையல்ல. கட்டியில் எடுத்த நீரையும் துணுக்கையும் மரபணுச் சோதனைக் கருவியில் பார்க்கலாம் என்று 2013லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த வசதி தாலுகா ஆஸ்பத்திரியிலேயே, காசில்லாமல், வேணும். ரத்தச் சோதனை தேறி வந்தால் அதுவும் முதலில் சேரிக்கு வரணும். அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்கள்: கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு மெஷின் தேவையில்லை.