மழைநாள் வீட்டுக்கு மூன்று வேலை



வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பனி விழுந்து ஏரிகள் உறையும் மாதங்களில் நம் யாழ்ப்பாணத்தில் மாரி. ஒக்டோபரில் பிடிக்கும் மழை டிசம்பர் முடியும்வரை விட்டுவிட்டுப் பெய்யும். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் கண்ணைக் கொடுப்பதும் இந்த நாட்களில்தான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவால், இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ் முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அதுவும் மாரி தொடங்கும் காலம். பலர் புத்தளத்தில் தங்கினார்கள். 2009இல் போர் முடிந்தபின் சில குடும்பங்கள் சோனகத் தெருவுக்கும் அயலுக்கும் திரும்பின. இடிந்த சுவரைக் கட்டிவிடலாம். ஆனால் உம்மும்மாவுக்குத் தெரிந்த ஓலையும் பனங்கட்டியும் பறவையும் பேரப்பிள்ளைக்குத் தெரியாமல் போனால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மழை நாளில் அவற்றைச் சொல்லிக்கொடுங்கள். புத்தளத்திலேயே இருப்பவர்களும் செய்யலாம். அங்கேயும் பனை உண்டு, களப்பு உண்டு.

அடுப்பில்: பனங்கட்டி ரவைக் கேக்

தேவையானவை: ரவை 250 கிராம், பனங்கட்டி 200 கிராம், மாஜரின் 100 கிராம், முட்டை 3, கெட்டித் தேங்காய்ப்பால் 1 கப், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 4.

செய்முறை: ரவையை இளம் சூட்டில் வறுத்து ஆறவிடுங்கள். பனங்கட்டியைச் சீவி, இளஞ்சூடான தேங்காய்ப்பாலில் கரைத்து வடித்து, ரவையை அதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மாஜரினை நுரைக்க அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ரவையுடன் கலக்குங்கள். ஏலக்காய்ப் பொடியும் பேக்கிங் பவுடரும் கடைசியில்.

ஒவன் வேண்டாம். தடித்த பழைய இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரம் கழுவிக் காயவைத்த மணலைப் போட்டு, மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். மணல்மேல் சிறு வளையம் வைத்து, எண்ணெய் பூசிய கேக் தட்டை வைத்து, தகர மூடியால் மூடுங்கள். மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரம். கடைசிப் பத்து நிமிடம் மூடியின்மேல் சிரட்டைத் தணல் பரப்பினால் மேற்பக்கம் சிவக்கும். சுத்தமான ஈர்க்கைக் குத்திப் பாருங்கள். மா ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. மழைக்காகக் கதவு யன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தணல் வைக்காதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

கையில்: ஓலைத் தட்டு

பனங்கட்டி வந்த குட்டானை எறியாதீர்கள். அதைப் பிரித்துப் பார்த்தாலே பின்னல் எப்படி ஓடுகிறது என்று பிள்ளைக்குப் புரியும். உலர்ந்த குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, அரை அங்குல அகலத்தில் கிழித்து, ஈரத்துணியில் சுற்றிவையுங்கள். எட்டு ஓலையை நெடுக்கே அடுக்கி, குறுக்கே ஒன்று மேலாக, ஒன்று கீழாக விட்டுப் பின்னி, ஓரத்தை மடித்துச் செருகினால் கோப்பை வைக்கும் தட்டு தயார். மழைக்கால ஈரத்தில் ஓலை வெடிக்காமல் வளையும். ஆனால் முதல் வெயில் கண்டதும் காயப்போடுங்கள். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும்.

கண்ணில்: வந்த விருந்தாளிகள்

மழை விட்ட ஒரு மாலை, அஸருக்குப் பின் பிள்ளைகளைப் பண்ணைப் பக்கம் கூட்டிப்போங்கள். களப்பின் ஆழமற்ற நீரில் ஊசிவால் வாத்துகளையும் நீண்ட அலகுள்ள மூக்கன்களையும் காணலாம். அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைகளும் தெரியும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும். அதன் சிவப்பு அந்த உணவிலிருந்து வருவதுதான்; இளம் பறவை சாம்பல் நிறமாக இருக்கும். பறக்கவைத்துப் பார்க்கக் கல்லெறிய விடாதீர்கள். நெடுந்தூரம் வந்த பறவைக்கு வீணாகும் ஒவ்வொரு பறப்பும் நட்டம்.

வெளியே போக முடியாதவர்கள் ஸுப்ஹுக்குப் பின்னும் மஃரிபை அண்டியும் முற்றத்தில் காது கொடுங்கள். இரண்டு சுருதியில் விசிலடிப்பது ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரம்போன்ற இடங்களில் குஞ்சு பொரித்து, ஒக்டோபர் வாக்கில் இலங்கைக்கு வருகிறது. இரவில் பறந்து களைத்துச் சில வேளை வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும். துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைத்து, பூனையிடமிருந்து காத்து, மாலையில் மரமுள்ள இடத்தில் விட்டுவிடுங்கள்.

குசினிக் கலண்டரில் ஒரு வேலை. முதல் ஆறுமணிக் குருவி கூவிய நாளையும், முதல் பூநாரை கண்ட நாளையும் பிள்ளை கையால் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கிழித்தெறியாமல் வையுங்கள். அடுத்த மாரியில் அதை எடுத்து, "போன வருஷம் எப்ப வந்தது?" என்று பிள்ளையே பார்க்கும். உம்மும்மாவிடமும் கேட்கும். அவர் சொல்வதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.