விற்பது தமிழில், விடை சொல்வது எந்த மொழியில்?

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று தமிழ் பேசும் மாகாணங்களில் அரிது. சந்தையில் வெங்காயம் என்ன விலை போகிறது என்று அறிய விரும்பும் கமக்காரரும், கட்சிக்காரருடன் ஆவணம் பரிமாறும் சட்டத்தரணியும், பரிசோதனை அறிக்கையைப் பார்வையிடும் மருத்துவரும் வட்ஸ்அப்பையே நாடுகின்றனர். முகநூலின் பொத்தான்கள் தமிழில் உள்ளன. அதில் வரும் விளம்பரங்களும் தமிழில் உள்ளன. எம்மிடம் வருவாய் தேடும்போது எமது மொழியை நன்கு அறிந்திருக்கும் கம்பனிகள், எமது முறைப்பாட்டைக் கேட்கும்போது அம்மொழியை எந்த அளவுக்கு அறிந்திருக்கின்றன? இக்கேள்வியைக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு. அதற்கு விடை பெறும் உரிமையும் உண்டு.

இது வீண் ஐயம் அன்று. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென ஒரு வதந்தி கிளம்பிற்று. அது வெறும் மாவுத் துணிக்கையே எனப் பின்னர் தெரியவந்தது. உண்மை தெரியவருமுன் வதந்தி நாடெங்கும் பரவிவிட்டது. மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின, உயிர்களும் பலியாயின. கொலைக்குத் தூண்டும் சிங்களப் பதிவுகளைச் சுட்டிக்காட்டி முறையிட்டவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதிலே கிடைத்தது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது விதியை மீறியதா இல்லையா என்று தீர்ப்புக் கூறுவது எவ்வாறு?

அரசாங்கம் மார்ச் 7ஆம் திகதி முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அதன் பின்னரே கம்பனியின் பிரதிநிதிகள் கொழும்புக்கு விரைந்து வந்தனர். 2020 மே மாதத்தில், அதாவது இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், முகநூல் கம்பனி மன்னிப்புக் கோரியது. உள்ளூர் மொழிகளை அறிந்தோரை நியமித்துள்ளதாகவும் கூறியது. மன்னிப்பை நாம் இகழவில்லை. ஆயினும், நியமனம் முதலில் நடந்திருப்பின் மன்னிப்புக்கு இடமே இருந்திராது என்பதையும் மறைப்பதற்கில்லை.

வட்ஸ்அப்பின் கதையும் இதுவே. இந்தியாவில் வதந்தியை நம்பிய கும்பல்கள் அப்பாவிகளை அடித்துக் கொன்ற பின்னரே, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அங்கே கட்டுப்பாடு வந்தது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் விரிந்தது. எனவே தொழில்நுட்பத்தில் குறை இல்லை, மனத்திலேதான் குறை. இழப்பு முந்துகிறது, நெருக்குதல் தொடர்கிறது, பரிகாரம் இறுதியில் நொண்டி நொண்டி வருகிறது.

மொழி அறியாமையின் தீங்கு ஒருபக்கமானதன்று. நீக்கவேண்டியது நிற்கிறது, நிற்கவேண்டியது நீக்கப்படுகிறது. போரில் மாண்டவர்களை நினைவுகூரும் பதிவுகள் நீக்கப்பட்டமை பற்றித் தமிழ் ஊடகங்கள் பலமுறை முறையிட்டுள்ளன. துயரத்தையும் தூண்டுதலையும் பிரித்தறிய அகராதி மட்டும் போதாது. அம்மண்ணின் வழக்கும் வரலாறும் தெரிதல் வேண்டும். ‘அவர் எனக்குப் பேசினார்’ என்றால் யாழ்ப்பாணத்தில் ஏசினார் என்று பொருள். சென்னையில் வளர்ந்தவருக்கு அது உரையாடலாகவே தோன்றும். ஒரே மொழிக்குள்ளேயே இத்துணை வேறுபாடு இருக்க, ஓர் இயந்திரம் அனைத்தையும் உணர்ந்து தீர்ப்பளிக்கும் என்று எவ்வாறு நம்புவது?

2025 ஜனவரியில், முகநூலின் தாய்க் கம்பனியான மெற்றா, அமெரிக்காவில் உண்மை சரிபார்க்கும் வெளி நிறுவனங்களுடனான ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. கடுமை குறைந்த மீறல்கள் குறித்து எவரேனும் முறையிட்டால் மட்டுமே நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அப்போது கூறியது. காவற்காரன் உறங்கலாம், வீட்டுக்காரன் கூவினால் எழுவான் என்பதே இதன் சாரம். அப்படியாயின், நாம் தமிழில் கூவினால் அது அவன் செவிக்கு எட்டுமா என்று கேட்பது முன்னிலும் அவசியமாகிறது.

இதனைச் செய்விக்க வழி இல்லையா? உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டம், மிகப் பெரிய தளங்கள் ஒன்றியத்தின் ஒவ்வோர் உத்தியோகபூர்வ மொழிக்கும் எத்தனை பேரை உள்ளடக்கச் சோதனைக்கு அமர்த்தியுள்ளன என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் உலகளாவிய ஆண்டு வருமானத்தின் 6 சதவீதம் வரை தண்டம் விதிக்கலாம். ஆறு இலட்சத்துக்கும் குறைவான மக்களே வாழும் மால்டாவின் மொழிக்கும் இக்கணக்குக் காட்டப்பட வேண்டும். கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு இந்நாட்டில் அத்தகைய கணக்கைக் கேட்கும் சட்டம் இல்லை.

இங்கு இயற்றப்பட்ட சட்டம் எத்தகையது? 2024 ஜனவரியில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. கூகிள், மெற்றா முதலிய கம்பனிகள் அங்கம் வகிக்கும் ஆசிய இணையக் கூட்டமைப்பு, இது நடைமுறைக்கு ஒவ்வாதது, முதலீட்டைப் பாதிக்கும் என்று எதிர்த்தது. அரசு தன் அதிகாரத்தைப் பேசிற்று. கம்பனிகள் தம் முதலீட்டைப் பேசின. முறைப்பாடு செய்பவனின் மொழியைப் பற்றி இருசாராரும் வாய் திறக்கவில்லை. 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோது சமூக ஊடகங்களை முடக்கிய அரசு, பேச்சை அடக்கும் கருவியை மேலும் கூர்மையாக்கியதே தவிர, மக்களுக்குப் பாதுகாப்புத் தரவில்லை.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, தன் மொழியில் விடை பெற இயலாத குடிமகன் இரண்டாந்தரக் குடிமகனாகிறான் என்பதைத் தமிழ் பேசும் மக்கள் அனுபவத்தால் அறிந்தனர். 1987இல் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. கந்தோர் மேசையில் எந்த நியாயத்திற்காகப் போராடினோமோ, கைத்தொலைபேசித் திரையிலும் அதே நியாயத்தையே கோருகிறோம். சிங்கள மக்களுக்கும் இதே குறை உண்டென்பதைத் திகன காட்டிற்று. ஆகவே இது இனங்களைப் பிரிக்கும் கோரிக்கை அன்று, இணைக்கும் கோரிக்கை.

எமது கோரிக்கைகள் மூன்று. இலங்கையில் வருவாய் பெறும் ஒவ்வொரு பெருந் தளமும், இந்நாட்டுத் தமிழையும் சிங்களத்தையும் அறிந்து முறைப்பாடுகளைப் பரிசீலிப்போர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பதிவொன்றை நீக்கினாலும், நீக்க மறுத்தாலும், அதற்கான காரணத்தை முறையிட்டவரின் மொழியிலேயே தெரிவித்து, மேன்முறையீட்டுக்கு வழி விடவேண்டும். எழுதுபவனைத் தண்டிக்க விரையும் சட்டத்தைத் திருத்தி, இக்கடமைகளைக் கம்பனிகள்மீது சுமத்த வேண்டும். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதனைச் சபையில் எழுப்புவார்களாக.

மக்களுக்கும் கடமை உண்டு. மூலம் தெரியாத செய்தியை மற்றவருக்குத் தள்ளிவிடாதிருப்பது முதற் கடமை. பொய்க் கடன் விளம்பரத்தாலும் போலி வெளிநாட்டு வேலை விளம்பரத்தாலும் ஏமாற்றப்பட்டவர்கள் வெட்கி மௌனமாயிராமல், தமிழிலேயே முறையிட்டு, வந்த பதிலின் பிரதியைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். கமக்காரர் அமைப்புகளும், கூட்டுறவுச் சங்கங்களும், சட்டத்தரணிகள் சங்கங்களும் அவற்றைத் திரட்டித் தொகுத்தால், மறுக்க இயலாத சான்று எம் கையில் இருக்கும். அச்சான்றுடன் கேட்கப்படும் கேள்வியை அரசும் கம்பனிகளும் நெடுநாள் தட்டிக்கழிக்க இயலாது.